சிவப்பு மையில் மூன்று எழுத்து

என் பிரியாவிடை அன்று வார்டின் நடுவில் தாதிப் பிள்ளைகள் நீங்கள் கதிரை போட்டு என்னை இருத்தி, "மிஸ், உங்கட சேவைக் காலத்தில மறக்கேலாத சம்பவம் ஒண்டு சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். வெள்ள காலத்தில் வள்ளத்தில் வைத்துப் பிள்ளைப்பேறு பார்த்த கதையைச் சொன்னேன். கைதட்டினீர்கள். அது உண்மையாக நடந்ததுதான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. சரியான பதிலைச் சொல்ல அன்று எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டில் இருந்து யோசித்துப் பார்த்தால், அதைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று படுகிறது. அதனால் எழுதித் தருகிறேன். வாசித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

அப்போது எனக்குச் சேவையில் இருபது வருடத்துக்கு மேல். ஆண்கள் சத்திரசிகிச்சை வார்டில் இருந்தேன். யுத்த காலத்தில் மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து முந்தல் என்ற ஊரில் வீடு கட்டி, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்து போனேன். ஊசி போட்டால் நோகாது என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் காலை ஒரு மீனவரைக் கொண்டுவந்தார்கள். அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஆலங்குடா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதிருக்கும். வலை இழுக்கும்போது திருக்கை முள் பாதத்தில் ஏறியிருந்தது. மூன்று நாள் கைவைத்தியம் பார்த்துவிட்டு, கால் கறுத்து வீங்கிய பிறகு வந்திருந்தார். உடம்பு நெருப்பாகச் சுட்டது. நான் சேலைன் ஏற்ற ஆயத்தம் செய்தபோது, "மிஸ், ஒரு விசயம் சொல்லோணும்" என்று மெல்லிய குரலில் கூப்பிட்டார். குனிந்தேன்.

"நான் எச்.ஐ.வி.க்குக் குளிசை குடிக்கிறவன். மூணு வருசமா ஒரு நாளும் விட்டதில்ல. டொக்டருக்கும் சொல்லிட்டன். கை வைக்கிற ஆக்களுக்கும் தெரிஞ்சிருந்தா நல்லம் என்டுதான் உங்ககிட்டயும் சொல்றன்."

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை. எங்கள் நன்மைக்காக, எங்களை நம்பிச் சொன்னார்.

நான் தலையை ஆட்டிவிட்டு அவருடைய நோய்க்குறிப்பு டிக்கட்டை எடுத்தேன். உள்ளே டொக்டரின் குறிப்பில் அந்த விஷயம் ஏற்கனவே இருந்தது. அதுவே போதும். ஆனால் நான் சிவப்புப் பேனாவை எடுத்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே, அட்டையின் மேல் அந்த மூன்று ஆங்கில எழுத்துகளையும் பெரிதாக எழுதினேன். சுற்றி ஒரு வட்டமும் போட்டேன். பிறகு அதைக் கட்டிலில் கொழுவினேன். அவர் கண்களை மூடிக் கிடந்தார். காய்ச்சல் மயக்கத்தில் நித்திரை என்று நினைத்தேன்.

எனக்கு அது பிழையாகவே படவில்லை, பிள்ளைகள். கூட வேலை செய்யும் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். அன்று மத்தியானமே அவரை வார்டின் கடைசிக் கட்டிலுக்கு, பழைய கட்டில்களையும் ஒட்சிசன் சிலிண்டர்களையும் போட்டு வைக்கும் அறையின் பக்கத்துக்கு மாற்றச் சொன்னதும் நான்தான். யாரும் எனக்கு அப்படி உத்தரவு போடவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய காலுக்கு மருந்து கட்டும் வேலை ஒவ்வொருவர் கையிலும் வழுக்கத் தொடங்கியது. ஒருத்தி, "மிஸ், எனக்கு இது அஞ்சாம் மாசம்" என்றாள். இன்னொருத்தி விரலில் கத்தி வெட்டிய இடத்தைக் காட்டினாள். எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. காரணம் சொல்லாமல் விலகக்கூடிய அளவுக்கு நான் மூத்தவளாக இருந்தேன். காலையில் முதல் ஆளாகப் பார்க்க வேண்டிய சீழ்ப்புண்ணைக் கடைசி ஆளாகப் பார்த்தோம். இரண்டாம் நாள் அதையும் பார்க்கவில்லை. அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை. யாராவது அந்தப் பக்கம் நடந்தால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். நடந்தவர் அந்தச் சாமான் அறைக்குள் போவதைக் கண்டதும் தலையைத் திரும்பத் தலையணையில் வைப்பார்.

அவருக்கு அந்த நோய் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. ஆனால் அந்த நாட்களில் எங்கள் தேநீர் அறையில் எல்லோரும் கதைத்தது அதை மட்டும்தான். அவருடைய காலைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

நான்காம் நாள் காலை அவருக்கு இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இந்தமுறை நான்தான் போனேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சோடிக் கையுறை போட்டேன். பாவித்த ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டியை எப்போதும் போலக் கட்டிலடிக்குக் கொண்டுபோகாமல் வார்டு வாசலிலேயே விட்டுவிட்டேன். அந்தக் கட்டிலில் எதுவும் முட்டக்கூடாது என்ற எண்ணம். அவரைத் தொடாமல் எட்ட நின்று எடுத்தேன். எடுத்து முடிந்ததும் பெட்டி வாசலில் இருக்கிறது, கையில் திறந்த ஊசி இருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் "ஒருக்காலும் செய்யக்கூடாது" என்று நானே படிப்பித்த காரியத்தைச் செய்தேன். மூடியை எடுத்து ஊசியில் திரும்பப் பூட்டப் பார்த்தேன். இரண்டு கையுறைக்குள் விரல் தடித்துப் போயிருந்தது. ஊசி மூடியின் பக்கத்தால் சறுக்கி என் இடது சுட்டுவிரலில் ஏறியது.

கிருமி என்னைத் தேடி வரவில்லை. என் பயம்தான் பெட்டியைத் தூர வைத்தது, என் பயம்தான் இரண்டாவது சோடிக் கையுறையைப் போட வைத்தது. அதை அப்போது விளங்கிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

தண்ணீர்க் குழாயடிக்கு ஓடிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். சின்னப் பொட்டாக இரத்தம் வந்து நின்றது. உடனே பொறுப்புத் தாதியிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மற்ற வேலைகளைப் பார்த்தேன். மற்ற நோயாளருக்கு மருந்து கொடுத்தேன், டிக்கட் எழுதினேன். சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை என்னைவிட வடிவாக அறிந்தவர் அந்த வார்டில் ஒருவர்தான் இருந்தார்.

அந்த ஒருவர்தான் என்னைக் கூப்பிட்டார். பக்கத்துக் கட்டிலில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், குத்திட்டா?"

"இல்லை."

"பொய் சொல்லாதீங்க. நான் பாத்தன்."

விரிப்பின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப மடித்தேன்.

"அதுக்கு மருந்து இரிக்கு மிஸ். எவ்வளவு கெதியா குடிக்கிறீங்களோ அவ்வளவு நல்லம் என்டு எங்கட கிளினிக்கில சொல்லுவாங்க. உங்களுக்கு இது தெரியாதா? போங்க, போய்ச் சொல்லுங்க."

"சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் யாரிடம் என்ன சொல்கிறேன் என்று உறைத்தது.

அவர், "ஓம். தெரியத்தான் போகுது" என்றார். "ஆனா உயிரோட இரிப்பீங்க. உங்களுக்குப் புள்ளைகள் இரிக்கா?"

"ரெண்டு பேர்."

"அப்ப போங்க."

போனேன். பொறுப்புத் தாதி கண்டிப்பான சிங்களப் பெண்மணி. என்னை ஏசவில்லை. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் நேரத்தைச் சொன்னதும் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. உடனே டொக்டரிடம் கூட்டிப்போனார். இரத்தம் எடுத்தார்கள், விபரம் பதிந்தார்கள், கிளினிக்குடன் கதைத்து மருந்து எடுப்பித்தார்கள். இருபத்தெட்டு நாள் குடிக்க வேண்டும். டொக்டர் சொன்ன ஒரு விஷயத்தை நீங்களும் கவனமாகக் கேளுங்கள்: "அவர் ஒழுங்காக மருந்து எடுக்கிற ஆள். அவருடைய இரத்தத்தில் கிருமி பரிசோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. அதனால் உங்களுக்கு ஆபத்து மிகவும் குறைவு. ஆனாலும் நாங்கள் எதையும் விடப்போவதில்லை." அதாவது, மூன்று வருடமாக ஒரு நாளும் குளிசையை விடாத அந்த மனிதரின் ஒழுங்குதான் என்னைக் காத்து நின்றது. நான் போட்ட இரண்டு சோடிக் கையுறை அல்ல.

அடுத்த நாள் காலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உங்களுக்குத் தெரியும், என் கணவர் இறால் பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்தவர். நான் கொண்டுபோகும் இறால் கறிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் அடிபிடி நடக்கும். எனக்கு மிஞ்சுவது குழம்பு மட்டும்தான். அன்றைக்கு மூடியைத் திறந்து நடுவில் வைத்தேன். ஒரு கையும் வரவில்லை. ஒருத்தி தனக்குக் கிரந்தி, இறால் சாப்பிட்டால் தோல் கடிக்கும் என்றாள். ஒருத்தி விரதம் என்றாள். அவளுடைய பார்சலில் கருவாடு இருந்தது. நானும் பார்க்காதவள் மாதிரி இருந்தேன். பின்னேரம் பாத்திரத்தை நிறைந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். என் தேநீர்க் கோப்பையை யாரோ யன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒருவரும் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டில் சொன்னபோது கணவர், "நீ யோசிக்காதையப்பா, ஒண்டும் நடவாது" என்று தோளில் கை வைத்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் இரண்டு நாள் கழித்து, என் துவாயை மட்டும் வேறு கொடியில் காயப்போட்டிருப்பதைக் கண்டேன். பிள்ளைகளின் துவாய்களும் அவருடையதும் கிணற்றடிக் கொடியில். என்னுடையது வேலியோரத்தில். நான் கேட்கவில்லை. கேட்டால் வெயில் அந்தப் பக்கம்தான் கூட என்று சொல்லியிருப்பார். அது எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் கூச்சமாக இருந்திருக்கும்.

மருந்து வயிற்றைப் பிரட்டியது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அந்தக் கடைசிக் கட்டிலடியில் நின்றபோது ஓங்காளம் வந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து பாண் துண்டொன்றை எடுத்து நீட்டினார்.

"வெறும் வயித்தில குடிக்காதீங்க மிஸ். பாண் துண்டொன்டு கையில வச்சிக்கொள்ளுங்க. எனக்கும் முதல்ல இப்பிடித்தான். பத்துப் பன்னெண்டு நாள்ல பழகிரும்."

அதை வாங்கிச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து காலையில் முதல் வேலையாக அவருடைய காலுக்கு மருந்து கட்டினேன். ஒரு சோடிக் கையுறையோடு, மஞ்சள் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லா நோயாளருக்கும் செய்வது போலச் செய்தேன். நான் திடீரென்று நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கதைக்க வேறு ஆள் இருக்கவில்லை. அதுதான் உண்மை. எந்த நேரம் குளிசை குடிப்பது, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, கனவு கண்டு பதறி எழும்புவது, எல்லாவற்றையும் அவரிடம்தான் கேட்டேன். அவரும் தன் கதைகளைச் சொன்னார். குளிசைப் போத்தலை வள்ளத்துக்குக் கொண்டுபோக, பெயர்த் தாளை உரித்துவிட்டு ஏலக்காய் டப்பாவில் போட்டு வைப்பாராம். அவருடைய மனைவிக்கு எல்லாம் தெரியும். ஊரில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

"தெரிஞ்சா வள்ளத்தில ஏத்த மாட்டாங்க. அதான்" என்றார்.

வந்த முதல் நாட்களில் பார்வையாளர் நேரத்தில் அவரைப் பார்க்க ஆட்கள் நிறைய வந்தார்கள். வள்ளத்தில் கூடத் தொழிலுக்குப் போகிறவர்கள், மனைவி காக்கா என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன், பள்ளிவாசல் ஆட்கள். பிறகு அது மூன்று பேரானது. பிறகு மனைவி மட்டும். ஒரு நாள் அந்தப் பெண் சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்துவிட்டு, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் போனதைக் கண்டேன். நான் மருந்து கட்டும்போது அவர், "எங்கட ஆக்கள் வாறது நின்டுட்டு மிஸ். ஊருக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார். யாரால் தெரிந்தது என்று சொல்லவில்லை. என் கை கட்டுத் துணியைச் சுற்றியபடியே இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் அந்த டிக்கட் தொங்கியது. வருகிறவர்கள் எல்லோரும் சிரிப்பும் சலாமுமாக வந்து நிற்கும் இடம் சரியாக அதுதான்.

அன்றைக்கே அட்டையைக் கிழித்து வேறு அட்டை போட்டேன். எத்தனை பேர் வாசித்து முடித்த பிறகு!

அவருடைய ஒரு கால்விரலை எடுக்க வேண்டி வந்தது. காலைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்த இரண்டாம் நாள் நாங்கள் மருந்து கட்டியிருந்தால் விரலும் இருந்திருக்குமா என்று டொக்டரிடம் கேட்டேன். "சொல்லேலாது" என்றார். அந்தச் சொல்லோடுதான் நான் இவ்வளவு காலமும் இருக்கிறேன்.

அவர் வீட்டுக்குப் போன பிறகு வார்டில் எனக்குக் கதைக்க ஆள் இல்லாமல் போனது. இருபத்தெட்டு நாள் குளிசை முடிந்தது. ஆறாம் வாரம் ஒரு பரிசோதனை. மூன்றாம் மாதம் கடைசிப் பரிசோதனை. ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தச் செய்தியும் மற்றச் செய்தியைப் போலவே வேகமாகப் பரவியது. பகல் சாப்பாட்டுக்குப் போனேன். "மிஸ், இண்டைக்கு இறால் இல்லையா?" என்று ஒருத்தி சிரித்தாள். எனக்கு இடம் விட்டுத் தள்ளி இருந்தார்கள். என் தோளைத் தட்டினார்கள். ஒருவரிலும் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த மேசையில் திரும்ப இருந்தபோது, நான் வெளியே நின்ற நாட்களைவிட அதிகமாகத் தனித்துப் போனேன்.

இரண்டு நாள் கழித்து அவர் காலைக் காட்ட வந்திருந்தார். வெளிநோயாளர் பகுதியில் நீள வாங்கில் இருந்தார். கூட்டம் அள்ளுகொள்ளையாக இருந்தும் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. ஊர் ஆட்கள் யாரோ அங்கே இருந்திருக்க வேண்டும். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"எனக்கு ஒண்டும் இல்லையாம். கடைசிப் பரிசோதனையும் சரி" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். முன்வரிசை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. முகம் முழுக்கச் சிரிப்பு. தனக்கே கிடைத்தது போல அவர் சந்தோஷப்பட்டதைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"உங்கட டிக்கட்டில அந்தச் சிவப்பு எழுத்து... அதை எழுதினது நான்தான்" என்றேன். "ஊருக்குத் தெரிஞ்சது அதாலதான்."

அவருடைய சிரிப்பு மெல்ல அடங்கியது. கையிலிருந்த கிளினிக் கொப்பியை உருட்டினார்.

"தெரியும் மிஸ். நீங்க எழுதேக்க நான் முழிச்சிதான் கிடந்தன்."

அப்படியென்றால், என் விரலில் ஊசி ஏறிய நாளிலும் அவருக்குத் தெரியும். "போங்க, போய்ச் சொல்லுங்க" என்று என்னைத் துரத்தியபோதும், பாண் துண்டை நீட்டியபோதும் தெரியும். நான் அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல" என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மனிதர்கள் வழமையாக அப்படித்தானே சொல்வார்கள். அவர் சொல்லவில்லை.

"என்னை வள்ளத்தில ஏத்துறதில்ல இப்ப" என்றார். "மூத்த மகள் ஸ்கூலுக்குப் போறதில்ல. புள்ளைகள் பக்கத்தில இரிக்கிறாங்க இல்லையாம். நாங்க போகப்போறம் மிஸ். எங்க என்டு கேக்காதீங்க. எனக்கு ஒரு உதவி மட்டும் செய்ங்க. தூரத்தில உள்ள ஒரு கிளினிக்குக்குக் கடிதம் எடுத்துத் தாங்க. ஒருத்தருக்கும் எங்களத் தெரியாத இடமா இரிக்கோணும். குளிசை மட்டும் விட்டிடக் கூடாது."

அன்று பகல் முழுக்க அலைந்து கிளினிக் டொக்டரிடம் அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். உறையை ஒட்டினேன். மேலே அவருடைய பெயரைக்கூட எழுதவில்லை. வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்கொள்ளுங்க" என்றார். காலைச் சற்று இழுத்து நடந்து பஸ் நிலையத்துப் பக்கம் போனார்.

பிறகு வந்த வருடங்களில் நான் செய்ததை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். டிக்கட்டின் மேல் எவரும் எதுவும் எழுதினால் நான் சத்தம் போடுவேன் என்று என்னைப் பற்றிப் பகிடி பண்ணுவீர்கள். ஊசி குத்தினால் அந்த நிமிடமே சொல்லுங்கள் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து வைத்துச் சொல்வேன். குத்துப்பட்டவளுடன் அடுத்த நாள் பகல் ஒரே மேசையில், அவளுடைய கறியில் கை போட்டுச் சாப்பிடுவேன். இதெல்லாம் என் அனுபவத்தின் முதிர்ச்சி என்று பிரியாவிடை அன்று யாரோ மைக்கில் பேசினீர்கள். அனுபவம்தான். அதற்கு ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. என் திருத்தத்தால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு பகல் நீளமாக இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். கணவர் காலமாகி இரண்டு வருடம். பல தடவை அந்த மீனவரைத் தேடிப் பார்க்கலாமா என்று யோசித்திருக்கிறேன். தூரத்தில் ஒரு கடற்கரைப் பக்கம் அப்படியொரு குடும்பம் வந்து இருப்பதாக ஒரு முறை காதில் விழுந்தது. கிளினிக்கில் வேலை செய்த ஒரு பிள்ளையிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மகள் இப்போது பெரிய பெண்ணாக இருப்பாள். அவர் குளிசையை விடாமல் குடித்துக்கொண்டு உயிரோடு இருப்பார் என்று நம்புகிறேன்.

ஆனால் நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஒருவருக்கும் தங்களைத் தெரியாத இடம் வேண்டும் என்று கேட்டுப் போன மனிதர் அவர். அந்த ‘ஒருவருக்கும்’ என்பதில் நானும் அடக்கம்.